காளான் பறிக்கும் முன்: வாசகர் கேள்விகள்

மழை தொடங்கியதும் காளான் பற்றிய கடிதங்களும் முளைத்துவிடுகின்றன. பதில்களில் அடிக்கடி வரும் சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேலே விரிவது குடை. குடையின் அடியில் மீன் செவுள் போல் அடுக்கடுக்காக இருப்பவை செவுள்கள். தண்டைச் சுற்றிப் பாவாடை போல் தொங்குவது வளையம். தண்டின் அடியில், மண்ணுக்குள், முட்டை ஓடு உடைந்தது போல் இருக்கும் பை, உறை. செவுளிலிருந்து உதிரும் நுண்தூள், வித்துத்தூள்.

*கேள்வி: ஐப்பசி மழைக்கு எங்கள் புஞ்சையில் கறையான் புற்றை ஒட்டி வெள்ளைக் காளான் வரும். ஆச்சி காலத்திலிருந்து குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம். இந்த வருடம் வீட்டுக்குப் பின்னால் புல்தரையிலும் அதே மாதிரி, இன்னும் பெரிதாக முளைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சமைக்கலாமா?* (சங்கரன்கோவில் வாசகி)

வேண்டாம். புல்தரையில், சில சமயம் வட்டம் கட்டினாற்போல், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரியும் வெள்ளைக் காளான் பெரும்பாலும் 'குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்' என்ற இனம். பச்சை வித்துக் காளான் என்று வைத்துக்கொள்வோம். வெப்ப நாடுகளில் காளான் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பலர் இதைத் தின்றவர்கள்தான். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று வலி. பெரியவர்கள் சமாளித்து எழுந்துவிடுவார்கள். குழந்தைகளுக்கும் வயோதிகர்களுக்கும் உடலின் நீர் வற்றிப்போய் ஆபத்தாகிவிடும்.

இந்த இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் பிடுங்கக் கூடாது, தோண்ட வேண்டும். புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் போகப் போக மெலிந்து, வேர் போல ஒரு சாண், சில நேரம் ஒரு முழத்துக்கு மேலும் இறங்கும். அது முடியும் இடம் கறையான் கூடு. கறையான் சருகையும் கட்டையையும் மென்று கடற்பஞ்சுக் கட்டி போல அடுக்கி, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. அந்தப் பூஞ்சை மழைக்குப் பூப்பதுதான் உங்கள் குழம்பில் விழும் காளான். பச்சை வித்துக் காளானுக்குக் கறையானோடு எந்த உறவும் இல்லை. அதன் தண்டு அடியில் சற்றுப் பருத்து அங்கேயே முடிந்துவிடும், வேர் இறங்காது.

அடுத்தது குடை. புற்றுக்காளான்களில் பலவற்றின் குடைக்கு நடுவே கூரான குமிழ் இருக்கும். கெட்டி மண்ணைத் துளைத்து வெளியே வருவதற்கான முனை அது. குடையின் மேற்பரப்பு வழவழப்பாக, நடுவில் சாம்பலோ பழுப்போ படர்ந்திருக்கும். மற்றதில் வெள்ளைக் குடைமேல் பழுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும், நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அங்கொன்று இங்கொன்றாகவும். ஆனால் பலத்த மழை செதில்களைக் கழுவிவிடும், அதனால் செதில் இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பலரும் ஏமாறும் இடம் செவுள். பச்சை வித்துக் காளான் இளசாக இருக்கையில் அதன் செவுளும் வெள்ளைதான். முற்றிய பிறகுதான் சாம்பல் கலந்த பச்சைக்கு மாறும். ருசிக்காக இளசைத் தேடிப் பறிக்கிற நமக்கு அந்தப் பச்சை கண்ணில் படவே படாது. அதே இடத்தில் முற்றிய குடை ஒன்று இருக்கிறதா என்று தேடி, அதன் அடியைப் பாருங்கள். வளையத்தை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். பச்சை வித்துக் காளானுக்குத் தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம் உண்டு. ஆனால் நம் பக்கம் உண்ணும் புற்றுக்காளான் இனங்களில் ஒன்றான 'டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி'க்கும் வளையம் உண்டு, கடையில் வாங்கும் மொட்டுக்காளானுக்கும் உண்டு.

இன்னொன்று. புற்றுக்குக் கறையான் மருந்து ஊற்றியிருந்தால் அந்த இடத்துக் காளானை, அது எவ்வளவு நல்ல இனமானாலும், தொடாதீர்கள்.

*கேள்வி: காளானோடு வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வைத்தால் விஷமா இல்லையா என்று தெரியும் என்கிறார் மாமியார். பூண்டு, அரிசி, மஞ்சள் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?* (மணப்பாறை வாசகி)

எதையும் நம்ப வேண்டாம். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டை சாப்பிட்ட வெள்ளிக் கரண்டியும்தான் கறுக்கிறது, முட்டை என்ன விஷமா? உயிர் குடிக்கும் காளான் நஞ்சான அமடாக்சின் வெள்ளியையும் கறுக்க வைக்காது, பூண்டையும் நிறம் மாற்றாது. காசு பளபளவென்று வெளியே வரும். அதுதான் இந்தச் சோதனையின் அபாயம்.

இதே வரிசையில் சேர்க்க வேண்டியவை இன்னும் உண்டு. 'நத்தை கடித்திருக்கிறது, புழு இருக்கிறது, அப்படியானால் நல்லது' என்பார்கள். நத்தைக்கு ஒன்றும் செய்யாத அமடாக்சின் நம் ஈரலைக் கரைத்துவிடும். 'தோல் எளிதாக உரிந்தால் நல்லது' என்பதும் பொய், கொல்லும் இனங்களின் தோலும் உரியும். 'மரத்தில் முளைத்தால் பயமில்லை' என்பதும் தவறு. மட்கிய மரத்தில் முளைக்கும் கலேரினா என்ற சிறிய பழுப்புக் காளானில் அதே அமடாக்சின் இருக்கிறது. மாமியாரிடம் கேட்க வேண்டியது வேறு: எந்த இடத்தில், எந்த மாதம், மண்ணுக்குள் அடி எப்படி இருக்கும் என்று. அவர் கையில் இருக்கும் உண்மையான அறிவு அதுதான், காசு அல்ல.

*கேள்வி: வித்துத்தூள் அச்சு எடுக்க வேண்டும் என்று படித்தேன். வீட்டில் எப்படி எடுப்பது? நிறம் தெரிந்தால் போதுமா?* (தஞ்சாவூர் வாசகர்)

முழுதாக விரிந்த, அழுகாத குடை ஒன்றை எடுங்கள். மொட்டிலிருந்து தூள் உதிராது. தண்டைக் குடையை ஒட்டி அறுத்துவிடுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கும்படி இரண்டு தாள்களை ஒட்டி, சந்திப்புக் கோட்டின் மேல் செவுள் கீழே இருக்கும்படி குடையை வையுங்கள். வெள்ளைத் தாள் மட்டும் வைத்தால் வெள்ளைத் தூள் விழுந்ததே தெரியாது, 'ஒன்றும் வரவில்லை' என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். குடை காய்ந்திருந்தால் மேல்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்று படாமல் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடுங்கள். நான்கு மணி நேரத்தில் தெரிய ஆரம்பிக்கும். இரவு வைத்துக் காலையில் பார்ப்பது உத்தமம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒன்றாகத் தெரியும்.

மங்கிய பச்சை என்றால் முதல் பதிலில் சொன்ன காளான், அதோடு விஷயம் முடிந்தது. வெள்ளை என்றால் எச்சரிக்கை: கொல்லும் நஞ்சுள்ளவை அடங்கிய அமானிடா, சின்னஞ்சிறு லெபியோட்டா என்ற இரு காளான் வகைகளும் வெள்ளைத் தூள் விடுபவை. நல்ல சிப்பிக்காளானும் வெளிர் நிறத் தூள்தான் விடும், ஆகவே வெள்ளை என்பது தீர்ப்பு அல்ல. துருப் பழுப்பு கலேரினாவின் நிறம். மையைப் போன்ற கறுப்பு மைக்காளான்களுக்கு. இளஞ்சிவப்பு புற்றுக்காளானுக்கும் வைக்கோல் காளானுக்கும்.

இளஞ்சிவப்பைக் கண்டதும் அடுப்பைப் பற்ற வைத்துவிடாதீர்கள். எண்டோலோமா என்ற நச்சு இனங்களும் இளஞ்சிவப்புத் தூள்தான் விடும். அவற்றின் செவுள் தண்டோடு ஒட்டியிருக்கும். புற்றுக்காளானின் செவுள் தண்டைத் தொடாமல் சற்று விலகி நிற்கும். குடையை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் இந்த இடைவெளி தெரியும். அச்சால் ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்க முடியும். சாப்பிடலாம் என்று சொல்ல அச்சு மட்டும் போதாது.

*கேள்வி: எவ்வளவு ஆழம் தோண்டிப் பறிக்க வேண்டும்? பறித்ததை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது?* (ஏற்காடு வாசகர்)

கத்தியைத் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிச் செருகி, குறைந்தது 10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து எடுங்கள். கையால் இழுத்தால் அமானிடாவின் உறை மண்ணிலேயே தங்கிவிடும். உங்கள் கையில் இருப்பது உறை இல்லாத அப்பாவிக் காளானாகத் தெரியும். வெள்ளைச் செவுள், வளையம், அடியில் உறை, இந்த மூன்றும் ஒரே காளானில் இருந்தால் அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள்.

முட்டைப் பருவத்தில் இருப்பதை உண்டைக்காளான் என்று எண்ணிப் பறிப்பவர்கள் ஒவ்வொன்றையும் உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே ஒரே சீரான வெள்ளையாக, பனீர் போல் இருக்க வேண்டும். குட்டிக் குடையும் தண்டும் வரைந்து வைத்தது போல் தெரிந்தால் அது அமானிடாவின் முட்டையாக இருக்கலாம். உள்ளே கருஊதாவாக, தோல் தடித்து இருந்தால் ஸ்கிளிரோடெர்மா, அதுவும் நஞ்சு. பத்தில் ஒன்பதைப் பிளந்தேன் என்பது கணக்கில் வராது.

பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். சூட்டில் வியர்த்து, சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தின்று வாந்தியெடுத்துவிட்டு 'விஷக்காளான்' என்பவர்கள் உண்டு. ஓலைக்கூடை, காகிதப் பை நல்லது. வெவ்வேறு இனங்களைத் தனித்தனியாக வையுங்கள், ஒன்று உடைந்து மற்றதோடு கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. சமைக்கும் முன் ஒரு முழுக் காளானை, மண்ணோடு, காகிதத்தில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருங்கள். எதற்கு என்று அடுத்த பதிலில் தெரியும்.

*கேள்வி: காளான் சாப்பிட்டவருக்கு வாந்தி வந்தால் முதலுதவி என்ன? உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா? வாந்தி நின்றுவிட்டால் ஆஸ்பத்திரி தேவையா?* (கூடலூர் வாசகர்)

உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். உப்பு அதிகமானால் அதுவே தனி நஞ்சாகும். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. டாக்டரும் அதில் ஆலோசனை கேட்கலாம்.

டாக்டரிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது, சாப்பிட்ட நேரமும் முதல் வாந்தி வந்த நேரமும். அந்த இடைவெளி காளானின் பெயரைவிட உபயோகமானது. கால் மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வியர்வையும் எச்சிலும் கண்ணீரும் பெருகினால் மஸ்கரின் என்ற நஞ்சைச் சந்தேகிப்பார்கள், அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு. ஒன்று முதல் மூன்று மணியில் வாந்தி பேதி என்றால் பெரும்பாலும் குடலோடு நிற்கும் நஞ்சு. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் இருந்து, நடு இரவிலோ மறுநாள் காலையிலோ வாந்தி தொடங்கினால் அதுதான் பயங்கரம். அமடாக்சின் அப்படித்தான் வரும், வழக்கமாக 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்து.

அதன் பிறகு நடப்பதுதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில். ஒரு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவர் இரண்டாம் நாள் தெளிந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அந்தத் தெளிவு பொய். நஞ்சு ஈரல் செல்களுக்குள் புகுந்து, புரதம் செய்வதற்கான உத்தரவை எழுதும் நொதியை முடக்கிக்கொண்டிருக்கிறது. மூன்று முதல் ஐந்து நாளில் கண் மஞ்சளாகி, இரத்தம் உறையாமல், நினைவு தடுமாறும். ஆகவே வாந்தி நின்றாலும் ஈரல் நொதிகள், இரத்தம் உறையும் நேரம், சிறுநீரகச் செயல்பாடு ஆகிய சோதனைகளை ஒரு முறையோடு விடாமல் சில நாள் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். சிகிச்சையில் நரம்பு வழி திரவம், கரித்தூள், பெனிசிலின், அசிட்டைல்சிஸ்டீன், கிடைத்தால் சிலிபினின், கைமீறினால் ஈரல் மாற்று என்று போகும். நாள் தள்ளத் தள்ள வழிகள் குறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல வகைக் காளானைக் கலந்து சாப்பிட்டிருந்தால் இரண்டு மணியில் வந்த வாந்தி ஒன்றால், பின்னால் வரப்போவது இன்னொன்றால் என்று இருக்கலாம். 'சீக்கிரம் வாந்தி வந்தது, பயமில்லை' என்ற கணக்கு அப்போது செல்லாது.

குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைத்த முழுக் காளான், சமைக்காத மிச்சம், சமைத்த மிச்சம், குப்பையில் போட்ட தண்டு எல்லாவற்றையும் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். சேர்ந்து சாப்பிட்டவர்கள் நலமாக இருந்தாலும் கூடவே போகட்டும். 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டக்காரர்களும் இதை நினைவில் வைக்கலாம்.

*கேள்வி: நன்றாகக் கொதிக்க வைத்து, முதல் தண்ணீரை வடித்துவிட்டால் நஞ்சு போகாதா?* (அறந்தாங்கி வாசகி)

அமடாக்சின் போகாது. கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், வெயிலில் காய வைத்தாலும், உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் லியோன்கதா ஊரில் மாட்டிறைச்சியைக் காளானோடு மாவில் பொதிந்து சுட்ட விருந்தைச் சாப்பிட்ட நால்வரில் மூவர் இறந்தனர். அடுப்பில் வெந்த உணவுதான் அது. ஒரு பெரியவரைக் கொல்ல ஒரு குடையே போதுமானதாக இருக்கலாம்.

*கேள்வி: மணி பிளாண்ட் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் குட்டிக் காளான்கள் வந்திருக்கின்றன. செடிக்கு ஆகாதா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.* (சென்னை வாசகி)

'லூக்கோகோப்ரினஸ் பிர்ன்பாமி'. தொட்டி மண்ணில் போட்ட மட்கு, தேங்காய் நார்க் கழிவு வழியாக வருவது. செடியைத் தொடாது, மட்கைத்தான் தின்கிறது. குழந்தை தின்றால் வயிற்றைக் கலக்கும், ஆகவே முளைத்ததும் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கையைக் கழுவுங்கள். மண்ணுக்குள் இருக்கும் இழை போகாது, மறுபடி வரும். மேல் மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விட்டால் வருவது குறையும். மருந்து எதுவும் தெளிக்க வேண்டாம்.

*கேள்வி: சிப்பிக்காளான் படுக்கையில் மெல்லிய சாம்பல் நிறக் காளான் முளைத்து ஒரே நாளில் கறுப்பு மையாக உருகிவிடுகிறது. அதையும் சேர்த்து விற்றுவிடலாமா?* (திண்டுக்கல் வாசகர்)

விற்காதீர்கள். அது மைக்காளான், வைக்கோல் சரியாக வேகாததன் அடையாளம். வைக்கோலை 5 மணி நேரம் ஊற வைத்து, 80 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தீர்களா? ட்ரம்மின் மேல்பக்க வைக்கோல் தண்ணீருக்கு மேலே மிதந்தால் அது வேகாது, கல் வைத்து அமுக்குங்கள். பிறகு கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் போனால் மைக்காளானுக்குக் கொண்டாட்டம். பழைய, மழையில் நனைந்த வைக்கோலை வாங்காதீர்கள். முளைத்ததை மை சொட்டும் முன், மொட்டிலேயே பிடுங்கி அகற்றுங்கள். சொட்டிய பிறகு அறை முழுக்க வித்து பரவியிருக்கும்.

மைக்காளான்களில் ஓர் இனத்தோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். குடிப்பதை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்வது போலவே இதுவும் வேலை செய்கிறது. உங்கள் படுக்கையில் வந்தது அந்த இனம்தானா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல.

*கேள்வி: போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றனவே. அவற்றை நம்பலாமா?* (சிங்கப்பூர் வாசகர்)

பேரினத்தை ஊகிக்க உதவும். சாப்பிட அனுமதி தருவதற்கு அல்ல. படத்தில் இல்லாததைச் செயலி பார்க்காது. மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் செவுள் இல்லை, உறை இல்லை, தூள் இல்லை, மணம் இல்லை. நிபுணரிடம் அனுப்புவதானாலும் ஐந்து படம் எடுங்கள்: முளைத்த இடத்தோடு, மேலிருந்து, செவுள் தெரிய, தோண்டிய அடியோடு முழுசாக, நெடுக்காகப் பிளந்து. பக்கத்தில் ஒரு நாணயம் இருந்தால் அளவு தெரியும்.

வேறு நாட்டுக்குப் போனவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். வைக்கோல் காளானுக்கு அடியில் உறை உண்டு, வளையம் இல்லை, தூள் இளஞ்சிவப்பு. ஊரில் அதைத் தின்று வளர்ந்த ஆசியர்கள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அதே போல் உறையோடு முளைக்கும் 'அமானிடா ஃபலாய்டிஸ்' என்ற மரணக் குடையைப் பறித்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 31 இரவு கான்பராவில் நடந்த ஒரு விருந்தில் அப்படிச் சமைத்ததால் இருவர் இறந்தார்கள். மொட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான். பிறந்த ஊரில் கற்ற அடையாளம், அங்கே எந்தெந்த இனங்கள் முளைக்கின்றனவோ அவற்றுக்கு நடுவே மட்டும் செல்லுபடியாகும். சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடிக்குக் கீழே புல்லில் முளைப்பது பெரும்பாலும் முதல் பதிலில் சொன்ன பச்சை வித்துக் காளானாகவே இருக்கும், பூங்காக்களில் பறிப்பது அங்கே சட்டப்படி குற்றமும்கூட.

*கேள்வி: கொடைக்கானல் பைன் காட்டில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளியோடு பார்த்தோம். கதைப் புத்தகத்தில் வருவது போலவே இருந்தது.* (மதுரை வாசகர்)

'அமானிடா மஸ்காரியா'. வெளிநாட்டு மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்வது, அவற்றோடு வந்து சேர்ந்தது. தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தள்ளாட்டம், குழப்பம், உளறல், பிறகு ஆழ்ந்த மயக்கம். புள்ளிகள் மழையில் கழுவிப் போகும், சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகும், அப்போது அடையாளம் தெரியாது. தொட்டால் ஒன்றும் ஆகாது. படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.